பிள்ளையார்பாளையத்தில் ஒரு பழைய கேமரா

'காஞ்சிபுரம் போனால் காலாட்டிக் கொண்டே சாப்பிடலாம்' என்று ஒரு பழமொழி உண்டு. இதை நம்பி, சும்மா உட்கார்ந்திருப்பவனுக்குச் சோறு போடும் ஊர் போலிருக்கிறது என்று பெட்டி படுக்கையோடு கிளம்பிவிடாதீர்கள். அங்கே காலாட்டுவது தறிக்குழிக்குள். காலையில் ஆட்ட ஆரம்பித்தால் விளக்கு வைக்கும் வரை ஆட்ட வேண்டும். அப்புறம்தான் சாப்பாடு!

அந்தக் காலாட்டலை நேரில் பார்க்க வேண்டுமானால் போக வேண்டிய இடம் பிள்ளையார்பாளையம். ஏகாம்பரநாதர் கோயிலின் ராஜகோபுரத்தை (கிருஷ்ணதேவராயர் 1509-ல் கட்டியது) ஓர் அடையாளமாக வைத்துக்கொண்டு ஊரின் மேற்கு ஓரமாக நகருங்கள். பஸ் ஹார்ன், 'சில்க் ஸாரி பார்க்கணுமா சார்' என்று கூடவே வரும் புரோக்கர்கள், பட்டுக்கடை ஏ.சி. எல்லாம் ஒவ்வொன்றாகக் கழன்று போகும். தெருக்கள் குறுகும். அப்போது 'டக்... டக்... டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். முதலில் ஒரு வீட்டில். அடுத்து எதிர் வீட்டில். கொஞ்ச தூரம் போனால் தெருவே டக் டக் என்று ஒரே தாளத்தில் பேசிக்கொண்டிருக்கும். அதுதான் பிள்ளையார்பாளையம்.

காலை வேளையில் போனால் இன்னொரு காட்சியும் கிடைக்கும். தெருவின் நீளத்துக்குப் பட்டுப் பாவை இழுத்துக் கட்டி, கஞ்சி தெளித்து, இழை இழையாக நீவி விட்டுக்கொண்டிருப்பார்கள். சைக்கிளில் வருகிறவர் இறங்கித் தள்ளிக்கொண்டு ஓரமாகப் போவார். மோட்டார் பைக் ஆசாமிகூட ஹார்ன் அடிக்காமல் ஒதுங்குவார். தெருவில் கிடப்பது ஒரு குடும்பத்தின் சில மாதச் சாப்பாடு என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

இப்படிப்பட்ட தெருவில் அடியேனுக்கு என்ன வேலை? ஒரு பழைய கேமராவை வாங்கலாமா, வேண்டாமா என்று தீர்ப்புச் சொல்லும் வேலை!

கல்லூரியில் என்னோடு பி.காம். படித்த நண்பன் ஒருவனின் வீடு அங்கே இருக்கிறது. அப்பா நெசவாளர். மகன் தறியில் உட்காருவதில்லை. அப்பாவும் இன்னும் நாலைந்து வீட்டுக்காரர்களும் நெய்யும் சேலைகளை போட்டோ எடுத்து, வாட்ஸ்அப்பில் அனுப்பி, வெளியூர்க்காரர்களுக்கு நேரடியாக விற்கிறான். போன மாதம் போன் பண்ணினான்.

"மச்சி, ஒரு ஃபுல் ஃப்ரேம் கேமரா வருதுடா. செகண்ட் ஹேண்ட். வந்து பார்த்துச் சொல்லு."

"நான் என்ன கேமரா டாக்டரா?"

"பத்திரிகையில எழுதறே. கூடவே போட்டோவும் எடுக்கறே. அது போகட்டும். நீ கணக்குல புலி. அடுத்தவன் காசு செலவாகுதுன்னாகூட உனக்குத்தான்டா முதல்ல வலிக்கும்."

பாராட்டா, திட்டா என்று யோசித்து முடிப்பதற்குள் சனிக்கிழமை வந்துவிட்டது. சென்னை கடற்கரை ஸ்டேஷனில் திருமால்பூர் லோக்கலைப் பிடித்தேன். செங்கல்பட்டு வரை அவசரமாகப் போய், அதற்கப்புறம் ஏரி, வயல், பனைமரம் என்று வேடிக்கை பார்த்துக்கொண்டே போகும் ரயில். ஆபீஸ் மன உளைச்சல் உள்ளவர்களுக்குச் சிபாரிசு செய்கிறேன்.

நண்பனின் பிரச்னை இதுதான். மூன்று மாதத்தில் மூன்று சேலை திரும்பி வந்துவிட்டது. மூன்றுக்கும் ஒரே காரணம். 'போட்டோவில் பார்த்த கலர் இல்லை.' போகவர கூரியர் செலவு, பிரித்து மடித்ததில் புது மடிப்பு, கூடவே மனத்தாங்கல். "போன்ல எடுக்கறதாலதான் இந்தத் தொல்லை. நல்ல கேமரா இருந்தா தீர்ந்துடும்" என்பது அவன் கட்சி.

உள்ளூரில் கல்யாண போட்டோ எடுக்கும் ஓர் அண்ணன், புதிதாகக் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் கேமராவுக்கு மாறுகிறார். அதனால் பழைய கேனான் 5டி மார்க் டூவைத் தள்ளிவிடுகிறார். கூட 24-105 ஜூம் லென்ஸ், 50 எம்.எம். லென்ஸ், இரண்டு பாட்டரி. எல்லாம் சேர்த்து நாற்பத்திரண்டாயிரம். நண்பனிடம் பணம் இருந்தது. எங்கே இருந்தது என்பதுதான் விஷயம். அப்பாவின் அடுத்த பாவுக்குப் பட்டும் ஜரிகையும் வாங்க எடுத்து வைத்திருந்த பணம் அது!

ஃபுல் ஃப்ரேம் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்கு இரண்டு நிமிட விளக்கம். (தெரிந்தவர்கள் அதற்குள் ஒரு காபி சாப்பிட்டு வரலாம்.) ஜெர்மனியில் லைட்ஸ் கம்பெனியில் ஆஸ்கர் பர்னாக் என்று ஒரு மனிதர் இருந்தார். சினிமா பிலிமைப் படுக்கை வசமாக ஓட்டி, இரண்டு சினிமா ஃப்ரேமுக்கான இடத்தில் ஒரு போட்டோ எடுக்கும் சின்ன கேமராவைச் செய்தார். அதுதான் 1925-ல் கடைக்கு வந்த லைக்கா. அந்தப் படத்தின் அளவு 36-க்கு 24 மில்லிமீட்டர். நம் வீட்டுக் கல்யாண ஆல்பங்களில் பாதிக்கு மேல் அந்த அளவு பிலிமில் எடுத்ததுதான்.

டிஜிட்டல் வந்தபோது அவ்வளவு பெரிய சென்சார் செய்வது யானை விலை. அதனால் பெரும்பாலான கேமராக்களில் ஓரம் வெட்டிய சின்ன சென்சார் வைத்தார்கள். பழைய பிலிம் அளவுக்கே சென்சார் இருந்தால் அது ஃபுல் ஃப்ரேம். சேலைக் கணக்கில் சொன்னால், முழுப் புடவைக்கும் பாவாடைத் துண்டுக்கும் உள்ள வித்தியாசம். பரப்பளவில் சுமார் இரண்டரை மடங்கு. பரப்பு அதிகமானால் அதில் விழும் வெளிச்சமும் அதிகம். இருட்டான இடத்தில் எடுக்கும் படம் ரவை கொட்டினது மாதிரி பொரிப்பொரியாகத் தெரியாது.

2005-ல் வந்த முதல் 5டி-தான் இந்தப் பெரிய சென்சாரை சாதாரண அளவு கேமராவுக்குள் அடைத்தது. அதன் தம்பி, 5டி மார்க் டூ, 2008-ல் வந்தது. 21 மெகாபிக்சல். போட்டோ கேமராவிலேயே முழு ஹெச்.டி. வீடியோ. அமெரிக்காவில் 'ஹவுஸ்' என்ற பிரபல டி.வி. தொடரின் 2010-ம் வருட சீசன் கடைசிப் பகுதியை இந்தக் கேமராவில்தான் எடுத்தார்கள். உலகமெங்கும் குறும்படம் எடுக்கும் பையன்களின் கனவுக் கன்னியாக இருந்தது. இன்றைக்கு அதே கன்னி, ரப்பர் கழன்று, மூலையில் பெயின்ட் உதிர்ந்து, போட்டோ ஸ்டூடியோ மேஜை மேல் 'யாராவது கூட்டிட்டுப் போங்களேன்' என்று உட்கார்ந்திருந்தது.

"எப்படிண்ணே, நல்லா இருக்குமா?" என்றேன்.

"கல்லு மாதிரி இருக்கும் தம்பி. இதை வெச்சுத்தான் என் ரெண்டு பசங்களையும் படிக்க வெச்சேன்" என்றார் அண்ணன்.

அது கேமராவுக்கு நற்சான்றிதழா, அல்லது எத்தனை ஓடியிருக்கிறது என்பதற்கான ஒப்புதல் வாக்குமூலமா? இரண்டும்தான்! பழைய கேமரா வாங்கப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியதை இங்கே வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் ஷட்டர் கணக்கு. பைக்குக்குக் கிலோமீட்டர் மாதிரி கேமராவுக்கு கிளிக். இந்த மாடலின் ஷட்டர் ஒன்றரை லட்சம் தடவை தாங்கும் என்பது கம்பெனியின் மதிப்பீடு. நிக்கான் கேமராவாக இருந்தால் எடுத்த படத்துக்குள்ளேயே அந்த எண் பதிவாகி இருக்கும். இதில் அப்படி இல்லை. யு.எஸ்.பி. ஒயரால் கம்ப்யூட்டரில் இணைத்து, அதற்கென்று இருக்கும் சாஃப்ட்வேரில் பார்க்க வேண்டும். பார்த்தோம். தொண்ணூற்றாறாயிரத்துச் சொச்சம். ஒரு கல்யாணத்துக்கு இரண்டாயிரம் படம் என்று வைத்தால் 48 கல்யாணம்! அத்தனை மாப்பிள்ளைகளின் அசட்டுச் சிரிப்பையும் தாங்கிய கேமரா.

இரண்டாவது, சென்சார். லென்ஸின் துவாரத்தை எஃப்/16 அளவுக்குச் சுருக்கி, வெள்ளைச் சுவரையோ வானத்தையோ ஒரு படம். கரும்புள்ளி தெரிந்தால் தூசி. சுத்தம் செய்தால் போய்விடும். கோடு மாதிரி தெரிந்தால் கீறல். கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பிவிடுங்கள். அடுத்தது லென்ஸை மூடியால் மூடி, அரை நிமிடம் ஷட்டரைத் திறந்து வைத்து ஒரு படம். இருட்டில் சிவப்பும் நீலமுமாக நட்சத்திரம் முளைத்தால் அவை கெட்டுப்போன பிக்சல்கள். இரண்டு மூன்று இருந்தால் பரவாயில்லை. ஆகாயமே தெரிந்தால் வேண்டாம்.

மூன்றாவது, பூஞ்சை. நம் ஊர்க் காற்றின் ஈரத்துக்கு, பீரோவில் பூட்டி வைத்த லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரி பூஞ்சை படரும். லென்ஸுக்குப் பின்னாலிருந்து டார்ச் அடித்து முன்னால் பாருங்கள். தினம் உழைத்த கேமராவை விட, 'சார், வாங்கினதிலிருந்து வெளியிலேயே எடுக்கலை' என்று சொல்லும் கேமராவில்தான் பூஞ்சை பயம் அதிகம்.

நாலாவது, கார்டு போடும் பொந்து. இதில் போடுவது இப்போதைய சின்ன எஸ்.டி. கார்டு இல்லை. பெரிய சி.எஃப். கார்டு. உள்ளே ஊசி ஊசியாக இரண்டு வரிசை இருக்கும். கார்டைக் கோணலாகச் செருகியிருந்தால் ஊசி வளைந்திருக்கும். ஒரு ஊசி வளைந்தாலும் தலைவலி. கார்டும் அக்கம்பக்கத்துக் கடையில் கிடைக்காது, தேடித்தான் வாங்க வேண்டும்.

அஞ்சாவது, பாட்டரி. இந்த மாடலின் மெனுவிலேயே பாட்டரியின் ஆரோக்கியம் மூன்று பச்சைக் கட்டங்களாகத் தெரியும். ஒன்று சிவப்பில் இருந்தது. "அது ஸ்பேர் தம்பி" என்றார் அண்ணன், கண்ணைப் பார்க்காமல். கடைசியாக, பில். பில் இல்லையென்றால் சீரியல் நம்பராவது டப்பாவோடு ஒத்துப் போகிறதா என்று பாருங்கள். திருட்டுக் கேமராவை மலிவு விலைக்கு வாங்கினால் அப்புறம் போலீஸ் ஸ்டேஷனில்தான் போஸ் கொடுக்க வேண்டும்.

இந்தப் பரீட்சைகளில் கேமரா முதல் வகுப்பு இல்லாவிட்டாலும் பாஸ்! "ஒரு நாள் வெச்சு எடுத்துப் பார்த்துட்டு வாங்க" என்று தூக்கிக் கொடுத்தார் அண்ணன். காஞ்சிபுரத்தில் இன்னமும் இப்படி மனிதர்கள் இருக்கிறார்கள்.

முதல் சோதனைக்கு கைலாசநாதர் கோயில். பிள்ளையார்பாளையத்தின் மேற்குக் கோடியில் தறிச் சத்தம் தேய்ந்து நிற்கும் இடத்தில் இருக்கிறது. பல்லவ ராஜசிம்மன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பிய மணற்கல் கோயில். உயரத்தால் மிரட்டாது. தூணுக்குத் தூண் எழுந்து நிற்கும் சிங்கங்களும், சுற்றுச்சுவரை ஒட்டி வரிசையாக 58 குட்டிச் சந்நிதிகளும்தான் அதன் அழகு. சாயங்கால வெயில் அந்தக் கல்லின் மேல் விழும்போது கோயில் பூராவும் பொன்வறுவலாக மாறிவிடும். அந்த வெளிச்சத்தில் போனிலும் எடுத்தேன், கேமராவிலும் எடுத்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், போன் படம்தான் பளிச்சென்று இருந்தது. நண்பனின் முகம் கொஞ்சம் வாடியது.

ஆனால், சில குட்டிச் சந்நிதிகளுக்குள் பல்லவர் காலத்து ஓவியத்தின் மிச்சம் இருக்கிறது. ஒரு கண், ஒரு கன்னத்து வளைவு, கொஞ்சம் செங்காவி. உள்ளே நிழல். ஃப்ளாஷ் போடுவது பாவம், ஓவியத்துக்கும் ஆகாது. போன் தன் புத்திசாலித்தனத்தையெல்லாம் காட்டி, அந்தக் கன்னத்தைப் பவுடர் போட்ட மாதிரி வழவழவென்று ஆக்கிவிட்டது. 2008-ம் வருடத்துக் கேமரா அந்தச் சுவரின் வெடிப்பு, சுண்ணாம்பின் சொரசொரப்பு எல்லாவற்றையும் உள்ளது உள்ளபடி கொடுத்தது. நண்பன் மறுபடி மலர்ந்தான்.

"பார்த்தியா?"

"இருடா. சேலையை எடுக்கலையே இன்னும்!"

காஞ்சிப் பட்டை போட்டோ எடுப்பது கஷ்டமான காரியம். காரணம் நெசவிலேயே இருக்கிறது. பாவு ஒரு நிறம், ஊடை ஒரு நிறம் என்று நெய்தால் சேலை இரண்டு நிறம் காட்டும். மயில் கழுத்து என்பார்களே, அது இப்படி நீலமும் பச்சையும் கலந்து வருவதுதான். நேராகப் பார்த்தால் நீலம். தலையைச் சாய்த்தால் பச்சை. இதில் எந்த நிறம் 'சரியான' நிறம்? மாமியார் பார்த்த கோணத்தில் ஒன்று, மருமகள் பார்த்த கோணத்தில் ஒன்று. அப்புறம் ஜரிகை. பட்டு நூல் மேல் வெள்ளி சுற்றி, தங்க முலாம் பூசியது. வெளிச்சம் பட்டால் அந்த இடம் மட்டும் வெள்ளையாக எரிந்து போகும். போதாக்குறைக்கு, நெருக்கமான நெசவும் சென்சாரின் கட்டங்களும் ஒன்றோடொன்று மோதினால் சேலையில் இல்லாத அலை அலையான வரிகள் படத்தில் முளைக்கும்.

ஞாயிற்றுக்கிழமை காலை. வீட்டு வாசலில் நேர் வெயில் படாத நிழலில் மயில் கழுத்துச் சேலை ஒன்றைக் கொடியில் தொங்கவிட்டோம். முதலில் வெள்ளைக் காகிதத்தைக் காட்டி கேமராவுக்கு 'இதுதான் வெள்ளை' என்று சொல்லிக் கொடுத்தேன். பெரிய சென்சாரில் ஒரு வம்பு உண்டு. லென்ஸை அகலத் திறந்தால் கரை தெளிவாக இருக்கும், முந்தானை மங்கிவிடும். ஹீரோயின் முகத்துக்கு அது அழகு. சேலைக்கு அது நஷ்டம். அதனால் எஃப்/8, முக்காலி. அதே இடத்தில், அதே நிழலில், போனிலும் வெள்ளைக் காகிதத்தை வைத்து நிறத்தைச் சரி செய்து ஒன்று.

இரண்டையும் வாலாஜாபாத்தில் இருக்கும் நண்பனின் அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினோம். 'எது கேமரா, எது போன்?' இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது.

"ரெண்டும் ஒண்ணுதானேடா? ஒரே போட்டோவை எதுக்கு ரெண்டு தடவை அனுப்பறே?"

அவ்வளவுதான்! 21 மெகாபிக்சலை வாட்ஸ்அப் மடித்துச் சுருட்டித் தீப்பெட்டிக்குள் வைத்து அனுப்பிவிடுகிறது. காஞ்சிப் பட்டை அப்படித் தீப்பெட்டிக்குள் அடைத்துக் கொடுத்தால் யாராவது வாங்குவார்களா? அதோடு, வாங்குகிறவரின் போன் திரை ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறம் காட்டும். சில திரைகள் அரக்கைக் கூட ஆரஞ்சாக்கிக் காட்டும். நாம் இங்கே எந்தக் கேமராவில் எடுத்தாலும் அந்தத் திரையை நாம் மாற்ற முடியாது. மூன்று சேலையும் திரும்பி வந்ததற்குக் காரணம், ராத்திரி டியூப்லைட் வெளிச்சத்தில் எடுத்ததும், போன் தானாக நிறத்தைத் தூக்கிவிட்டதும்தான். காலை நிழல், வெள்ளைக் காகிதம், சேலையை மெல்ல அசைத்து இரண்டு நிறமும் தெரிகிற மாதிரி பத்து விநாடி வீடியோ. செலவு பூஜ்யம்.

"ஆக, கேமரா வேண்டாங்கறே" என்றான் நண்பன்.

"சேலை விக்கறதுக்கு வேண்டாம். பாவுப் பணத்துல வாங்கறதா இருந்தா நிச்சயமா வேண்டாம்."

அவன் ஒன்றும் பேசவில்லை. உள்ளே தறி ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகச் சொன்னான்.

"அப்பா இந்தப் பாவும் அடுத்த பாவும்தான் போடுவேங்கறார்டா. அதுக்கப்புறம் நிறுத்திக்கறாராம். முட்டி வலி. அவர் நெய்யறதை ஒரு தடவை முழுசா எடுத்து வெச்சுக்கணும். போன்ல எடுத்தா பேய் வீடு மாதிரி வருது."

இரண்டு நாளாகச் சொல்லாத விஷயம் இதுதான்! எந்தக் காரியத்துக்குக் கேமரா என்று சரியாகத் தெரிந்த பிறகுதான் எந்தக் கேமரா என்ற கேள்வியே எழுகிறது.

தறி இருந்த கூடத்துக்குள் போனேன். பத்தடி அகலம் இருக்கும். அதில் முக்கால்வாசித் தறி. ஒரு டியூப்லைட். ஜன்னல் ஒன்று, அதுவும் பாதி மூடியது. குழிக்குள் காலை விட்டு அப்பா உட்கார்ந்திருந்தார். எதிர்ப்பக்கம் ஒரு பையன், துணைக்கு. கோர்வைச் சேலை. உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் தனித்தனி நாடா. மூன்று நாடா. உடலின் நிறமும் கரையின் நிறமும் வேறு வேறு. ஒவ்வொரு ஊடைக்கும் இரண்டையும் கொக்கி போட்ட மாதிரி பிணைத்துக்கொண்டே போக வேண்டும். ஒரு பக்கத்துக் கரையைத் துணையாள் பார்த்துக்கொள்வார். பேச்சே இல்லை. ஒருவர் தள்ள, ஒருவர் வாங்க, 'டக்'. காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-06-ல் புவிசார் குறியீடு கொடுத்தார்களே, அந்தக் கௌரவத்துக்கு உரிய வேலை இப்படிப் பத்தடிக் கூடத்தில் டியூப்லைட் அடியில்தான் நடக்கிறது.

இங்கேதான் பழைய கேமரா தன் சுயரூபத்தைக் காட்டியது. சின்ன சென்சார் கேமராவில் 50 எம்.எம். லென்ஸைப் போட்டால் அது 80 எம்.எம். மாதிரி ஆகி, ஆளின் மூக்குக்குக் கிட்டே போய் நின்றுவிடும். பின்னால் நகரலாம் என்றால் சுவர். இன்னும் நகர்ந்தால் அடுத்த வீட்டுத் தறிக்குழி! ஃபுல் ஃப்ரேமில் 50, ஐம்பதாகவே இருக்கிறது. அப்பா, நாடா, பாவு மூன்றும் ஒரே படத்தில் அடங்கின. ஐ.எஸ்.ஓ. 1600, எஃப்/2. ஷட்டர் விநாடியில் நூறில் ஒரு பங்கு. (டியூப்லைட் நம் கரெண்ட்டில் விநாடிக்கு நூறு தடவை துடிக்கிறது. அதற்குத் தோதாக நூறு வைத்தால் படத்தில் பட்டை விழாது. இந்த ஒரு விஷயத்துக்காகவாவது இந்த வாரப் பத்திரிகைக் காசு செரித்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.)

படத்தைக் கேமராவின் பின்பக்கத் திரையில் பார்த்தோம். ஓடும் நாடா ஒரு கோடாக இழுபட்டிருந்தது. அதைத் தள்ளிய விரல்கள் மட்டும் துல்லியமாக இருந்தன. விரலில் நூல் அறுத்த தழும்புகள்கூடத் தெரிந்தன. போனில் அதே படம் விரல்களை மைதா மாவில் பிசைந்த மாதிரி காட்டியது.

அப்பா எட்டிப் பார்த்தார். "கை தெரியுதே தம்பி!" என்றார். அப்புறம், "இது எத்தனை வருசத்துச் சாமான்?"

"பதினேழு பதினெட்டு வருஷம் இருக்கும்ப்பா."

"இந்தத் தறி எங்கப்பா போட்டது" என்று மரத்தைத் தட்டினார். "பழைய பட்டுச் சேலை வாங்கறவன் தெருவுல வருவான் பார்த்திருக்கியா? கிழிசலைப் பார்க்கவே மாட்டான். ஜரிகையைச் சுரண்டுவான். உள்ளே செவப்பு நூல் தெரிஞ்சா அசல் ஜரிகை. எடை போட்டுக் காசு கொடுத்துட்டுப் போய்க்கிட்டே இருப்பான். பழசு வாங்கறவன் எதுக்கு வாங்கறோம்னு தெரிஞ்சு வாங்கணும். அவ்வளவுதான்."

இதைத்தான் அடியேன் இரண்டு நாளாக ஒயரைச் செருகியும் டார்ச் அடித்தும் கண்டுபிடிக்க முயன்றுகொண்டிருந்தேன்!

வாடகைக்கு எடுத்தால் என்ன என்றும் யோசித்தோம். கல்யாணம் என்றால் இரண்டு நாள் வாடகை போதும். ஒரு கோர்வைச் சேலை அப்படி முடியாது. பாவு நீட்டுவது ஒரு நாள், தறியில் ஏற்றுவது ஒரு நாள், அப்புறம் வாரக்கணக்கில் நெசவு. முந்தானை ஆரம்பிக்கும் நாள் எது என்று அப்பாவின் முட்டிதான் முடிவு செய்யும். தினக்கணக்கு வாடகை கொடுத்தால் கேமராவின் விலையைத் தாண்டிவிடும். புது ஃபுல் ஃப்ரேம் வாங்கலாம் என்றால் லென்ஸோடு லட்ச ரூபாய்க்குக் குறையாது.

சாயங்காலம் அண்ணனிடம் திரும்பினோம். ஜூம் லென்ஸை அவரையே வைத்துக்கொள்ளச் சொன்னேன். கேனான் 2018-ல் புது மிரர்லெஸ் மவுண்ட்டுக்கு மாறினாலும், ஓர் அடாப்டர் போட்டால் பழைய லென்ஸ் புதுக் கேமராவில் வேலை செய்யும். லென்ஸுக்கு விலை நிற்கும். பாடிக்குத்தான் வருஷா வருஷம் இறங்கும். அதனால் பாடி, 50 எம்.எம்., நல்ல பாட்டரி ஒன்று. சிவப்புப் பாட்டரி இலவசம்!

"இருபதாயிரம் கொடுங்க தம்பி" என்றார். கொடுத்தது நண்பன் இல்லை. நான்.

எனக்குச் சில வருடங்களாகவே ஒரு ஃபுல் ஃப்ரேம் மேல் கண். பயணக் கட்டுரைக்கு எடுக்கும் படங்கள் பாதி இருட்டுக் கோயில்களில்தான். கணக்குப் போட்டேன். மதிப்பீட்டின்படி மிச்சம் சுமார் ஐம்பத்து மூவாயிரம் கிளிக். இருபதாயிரத்தை அதால் வகுத்தால் கிளிக்குக்கு 38 பைசா. ஒன்றரை லட்சம் ஆனதும் ஷட்டர் 'டாட்டா' சொல்லிவிடும் என்றும் இல்லை. அது உத்தேசம்தான். முன்னாலும் போகலாம், பின்னாலும் போகலாம். போனால் பழுது பார்க்க உதிரி பாகம் கிடைப்பது வருஷத்துக்கு வருஷம் கஷ்டமாகும். அது தெரிந்தேதான் வாங்கினேன். கடன் வாங்கியோ, பாவுப் பணத்தை எடுத்தோ வாங்கக்கூடிய பொருள் இல்லை இது. தொலைந்தாலும் ராத்திரித் தூக்கம் கெடாத காசில் வாங்க வேண்டிய பொருள்.

ஏற்பாடு இதுதான். அடுத்த பாவு முடிகிற வரை கேமரா பிள்ளையார்பாளையத்தில், தறிக்குப் பக்கத்து மாடத்தில், அரிசிப் பானைக்குத் தூரமாக, சிலிக்கா ஜெல் பையோடு இருக்கும். நண்பன் தினம் பத்துப் படம் எடுக்க வேண்டும். முந்தானை விழும் நாளில் போன் பண்ண வேண்டும், நான் திருமால்பூர் லோக்கலைப் பிடித்து வந்துவிடுவேன். சேலைகளைக் காலை நிழலில் போனிலேயே எடுத்துக்கொள்வான். பாவுப் பணத்துக்குப் பட்டும் ஜரிகையும் மறுநாளே வாங்கியாகிவிட்டது.

நீங்களும் பழைய ஃபுல் ஃப்ரேம் ஒன்றைக் கண்ணில் வைத்திருக்கிறீர்களா? பகல் வெளிச்சத்தில் குழந்தை, குடும்பம், சுற்றுலா என்றால் சட்டைப் பையில் இருக்கும் போன் போதும். இருட்டான கூடமும், பின்னால் நகர இடமில்லாத சுவரும், ஓடிக்கொண்டே இருக்கும் கையும் உங்கள் விஷயமாக இருந்தால் வாங்குங்கள். ஒயரைச் செருகி எண்ணைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

என் தரப்பில் ஒரே ஒரு சிக்கல் மிச்சம். காசு என்னுடையது, கேமரா காஞ்சிபுரத்தில், கிளிக் நண்பனுடையது, தேய்மானம் மட்டும் என் கணக்கில். இதை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று பி.காம்.மில் சொல்லிக் கொடுக்கவில்லை. நண்பனிடமே கேட்டேன்.

"சொத்துன்னு எழுதிக்கடா" என்றான்.